மூன்றாம் மேட்டில் கொடி

முறுக்கினால் ஓடாது, மிதித்தால் நிற்காது. இருந்தாலும் முறுக்கத் தெரிந்திருக்க வேண்டும், மிதிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அது எந்த இடம், சொல் பார்க்கலாம். அவசரமில்லை, யோசித்துச் சொல். சேற்றில் மாட்டிய வண்டி என்றாள் என் மனைவி சுகந்தி. ஸ்டாண்டு போட்ட வண்டி என்றார் பக்கத்து வீட்டுக்காரர், சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். என் மகள் மிருதுளாவுக்கு அப்போது எட்டு வயது. தின்றுகொண்டிருந்த தோசையைத் தட்டிலேயே விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் ஹேண்டில்பார் பிடிப்பதுபோல் முன்னால் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு, "காத்துலப்பா" என்றாள். ஆமாம், காற்றில்தான். மேட்டை விட்டு எழும்பிய வண்டிக்கு ஆக்சிலேட்டர் முறுக்கு ஒரு அடிகூட முன்னால் போகத் தராது, பிரேக் அரை அடிகூட நிறுத்தித் தராது. ஆனால் முறுக்கினால் பின்சக்கரம் வேகமாகச் சுழலும், மூக்கு மேலே எழும்பும். வலது காலால் பின்பிரேக்கை ஒரு தட்டு தட்டினால் சக்கரம் நிற்கும், மூக்கு கீழே இறங்கும். தரையில் போவதற்கும் நிற்பதற்கும் இருந்தவை, அங்கே நிமிர்வதற்கும் குனிவதற்கும் ஆகிவிடுகின்றன. இந்த விடுகதை என்னுடையதல்ல, லிங்குவுடையது. லிங்குவைப் பற்றி இப்போது நினைக்கக் கூடாது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. பைபாஸைத் தாண்டி, யாரோ வாங்கிப் போட்டிருக்கும் காலி நிலத்தில் செம்மண்ணைக் குவித்துப் போட்ட ஐந்து மேடுகளில் மூன்றாவதன் ஓரத்தில், நாலு பழைய டயர்களை அடுக்கி அதன்மேல் நான் நிற்கிறேன். கையில் மஞ்சள் கொடி, சுற்றியபடி, தொடையோடு சேர்த்து. ஆடி மாதம் வரப்போகிறது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கொடியைப் பிடுங்கப் பார்க்கிறது. நான் விடவில்லை. குழந்தைகளுக்கான மோட்டார் சைக்கிள் பந்தயம், எட்டுக் குழந்தைகள், ஆறு சுற்று. அதில் இருபத்துமூன்றாம் எண் என் மகள்.

வருகிறார்கள். எனக்குப் பின்னால், வலது தோளுக்கு அந்தப் பக்கம், குளவிக்கூட்டைக் கலைத்ததுபோல் சத்தம். நான் திரும்பவில்லை. கொடி பிடிப்பவன் வண்டி ஏறுகிற பக்கம் பார்க்கக் கூடாது, வண்டி இறங்குகிற பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஏறி வருகிறவனுக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. மண்ணும் வானமும்தான் தெரியும். அங்கே யாராவது விழுந்து கிடந்தால் அதைப் பார்க்கிற கண் என்னுடையது, சொல்கிற வாய் இந்தக் கொடி. கொடி உயர்ந்தால் குதிக்கக் கூடாது, முந்தக் கூடாது, இரண்டு சக்கரமும் மண்ணில் இருக்க மேட்டில் ஏறி இறங்க வேண்டும். இந்த மைதானத்துக்கெல்லாம் பெரியவர் கனகசபை அண்ணன், பந்தயச் சங்கத்து ஆள், புதிதாக யார் கொடி வாங்கினாலும் சொல்வார்: "தம்பி, வானம் பாக்கோணும்னா அக்கட்டால போயி சனத்தோட உக்காரு. இங்க நின்னா தரைதான்." அதனால் நான் என் மகளைக் காற்றில் பார்த்ததே இல்லை. மூன்று வருடமாக அவள் குதிக்கிறாள், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் நிழல். வெயில் ஏறிய நேரத்தில் வண்டி மேட்டை விட்டுக் கிளம்பும்போது நிழல் அதிலிருந்து கழன்று தனியாகத் தரையில் ஓடும். வண்டி எங்கேயோ, நிழல் எங்கேயோ. பிறகு இறங்குகிற சரிவில் இரண்டும் ஒன்றை ஒன்று தேடிவந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்ளும்போது ஒரு சத்தம், ஸ்பிரிங் உள்ளே அமுங்குகிற தொம். அந்தத் தொம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும். முதல் நிழல் போனது, தொம். அது இந்துநேசன் என்கிற பையன், கையில் பலம், எப்போதும் முதலாவது. இரண்டாவது, மூன்றாவது. நான்காவது நிழல் மெலிந்தது, முழங்கை அகன்றது. அவள்தான். காற்றில் இஞ்சின் கீச்சென்று உயர்ந்து, சட்டென்று ஒரு மிடறு விழுங்கியதுபோல் அடங்கி, மறுபடி உயர்ந்தது. மூக்கு தூக்கிவிட்டது, கிளச்சைப் பிடித்துக்கொண்டு பிரேக்கைத் தட்டியிருக்கிறாள். சரியாகச் செய்தாள். காதால் பார்க்கத் தெரிந்த அப்பன் நான். தொம். தூசு எழும்பிக் கிழக்கே போனது. ஒரு சுற்று.

நல்லா இருக்கேனா என்று அவள் கேட்டாள், போன மாதமோ அதற்கு முந்தியோ, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருக்க. "ஏம்ப்பா, காத்துல நான் எப்படி இருக்கறேன்?" "நல்லா இருக்கே கண்ணு." "பொய். நீங்க பாக்கவே மாட்டீங்க. கொடிக்காரங்க பாக்கக் கூடாதுல்ல?" பெருமையாகத்தான் சொன்னாள். எங்க அப்பா பாக்க மாட்டாங்க, அவ்வளவு கரெக்ட் என்று பக்கத்திலிருந்த பிள்ளையிடம் வேறு சொன்னாள். அந்தச் சொல் இன்னும் எனக்குள் சரியாக உட்காரவில்லை, தட்டிய பிறகும் நெட்டுக்குத்தாக நிற்கிற ஆணிபோல் இருக்கிறது. சுகந்தியும் அப்படித்தான். பெண்பிள்ளை, எட்டு வயசு, விழுந்து பல்லு போச்சுன்னா, கை கால் கோணிப்போச்சுன்னா என்று ஒரு வருடம் பேசினாள். கடைசியில், "மூணாம் மேட்டுல நீங்க கொடி புடிக்கறதா இருந்தா ஓட்டட்டும், வேற ஆரு நின்னாலும் என்ற புள்ள ஏறமாட்டா" என்றாள். ஐந்து மேடுகளில் மூன்றாவதுதான் உயரம், அதற்குத்தான் அவள் பயந்தாள். அதற்கு என்னைக் காவல் வைத்தாள். என்னை. ஏனென்றால் அந்தப் பழைய விபத்தின் அறிக்கையை அவளும் படித்திருக்கிறாள். எங்கள் கல்யாணத்துக்கு மறு வருடம் அது. நான்தான் எழுதினேன், சமையலறை மேடையில் வைத்து, அவள் பக்கத்தில் நின்று பேனா எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் கொடி காட்டப்பட்டது, ஓட்டுநர் கவனிக்கவில்லை. இரண்டு வரி. என் கையெழுத்து அழகாக இருக்கும், பம்பு செட்டு கம்பெனியில் பெட்டிமேல் பெயர் எழுதவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டாவது சுற்று வந்துவிட்டது. நிழல், நிழல், நிழல். அவள் இப்போது மூன்றாவது. தொம். மிடறு விழுங்கவில்லை இந்த முறை, மூக்கு சமமாகவே போயிருக்க வேண்டும். கீழே யாரும் இல்லை. தரையைப் பார். தரையில் ஒரு டயர் தடம், இன்னொரு தடம், நசுங்கின தண்ணீர் பாட்டில் ஒன்று. வேறு ஒன்றுமில்லை.

லிங்கு என்றால் ஜோதிலிங்கம். ஒரே பட்டறையில் லேத்து பழகினோம், ஒரே பழைய வண்டியை இரண்டு பேரும் பங்கு போட்டு வாங்கினோம். அவன் ஓட்டுவான், நான் பிடிப்பேன். பிடிப்பது என்றால் ஸ்பானர், குடை, தண்ணீர், கடைசியில் கொடி. அவனுக்குக் காற்றில் பயமே கிடையாது. தரையில்தான் பயம், ரோட்டில் லாரி வந்தால் ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்திவிடுவான். "மாப்ள, ரோட்டுல எல்லாம் எவனெவனோ ஓட்டறான். மேல நான் ஒருத்தன்தான்" என்பான். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தி, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பை அழித்த இடத்தில் போட்டி. காலையில் என்னிடம் வந்து, வாயில் பாதி வடையோடு, "இன்னிக்கி ஒண்ணு காட்டறேன், பாத்துக்கோ. வேணும்னே மூக்கத் தூக்கறேன், எல்லாரும் போச்சுன்னு கத்துவாங்க, அப்புறம் ஒரே தட்டு, மாடு தண்ணி குடிக்கற மாதிரி குனியும்" என்றான். "நான் கொடிடா, பாக்க முடியாது" என்றேன். "ஒரே ஒரு தடவ பார்றா, செத்தா போயிருவே?" அப்படித்தான் கேட்டான். இதே வார்த்தை. நான் பார்த்தேன். நான்காம் சுற்றில் அவன் இஞ்சின் சத்தம் தெரிந்ததும் தலையைத் திருப்பினேன். அவனுக்கு முன்னால் போன வண்டி இன்னும் தரை தொடவில்லை, அதற்குள் திருப்பிவிட்டேன். லிங்கு ஏறினான், எழும்பினான், மூக்கு வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது, சனம் ஓவென்றது. அவன் கால் அசைந்தது, கட்டைவிரல் அளவு அசைவு. வண்டி குனிந்தது. மாடு தண்ணி குடிக்கிற மாதிரியேதான். அதைவிட அழகாக ஒன்றை நான் பார்த்ததில்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வருவதில்லை. பயங்கரமாக இருந்தது என்று சொல்லிவிடலாம், அழகாக இருந்தது என்று யாரிடம் சொல்வது? நாலு நொடி. நான் தரையைப் பார்த்தபோது தரையில் நீலமாக ஒன்று இருந்தது. முன்னால் போன பெலிக்ஸ் இறங்குகிற சரிவில் விழுந்து, ஒரு கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தான். நீலச் சட்டை, முதுகில் அவன் தங்கச்சி ஒட்டின நட்சத்திரம். லிங்குவின் நிழல் முதலில் அவன்மேல் ஏறியது. கொடி என் கையில் சுற்றினபடியே இருந்தது.

மூன்றாவது சுற்று போய்விட்டதா, நான்காவதா? விரலில் எண்ணிக்கொண்டு வந்தேன், நாலாவது விரல் மடங்கியிருக்கிறது, நாலுதான். மிருதுளா இரண்டாவதாக வந்துவிட்டாள், எப்போது முந்தினாள் என்று தெரியவில்லை. நிழல் போனது, தொம் கேட்டது, அது போதும். பெலிக்ஸ் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். பதினோராம் நாள் போய்விட்டான். லிங்குவுக்கு ஒரு விலா எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. அவை கூடிவிட்டன. அவன் படுக்கையில் இருந்தபோது, அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "மாப்ள, கொடி இருந்துச்சா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. பஸ் போயிருச்சா என்று கேட்பதுபோல் கேட்டான். "இருந்துச்சு" என்றேன். "நான் பாக்கலயா?" "நீ பாக்கல." அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பிறகு வண்டியை விற்றான், திருப்பூருக்குப் போனான், பனியன் கம்பெனியில் கட்டிங் மேஜையில் நிற்கிறானாம். வருடா வருடம் அந்தத் தேதிக்குப் பெலிக்ஸின் அம்மாவைப் பார்க்கப் போய் வாசலிலேயே நின்றுவிட்டு வருகிறானாம், உள்ளே கூப்பிட்டாலும் போவதில்லையாம். கனகசபை அண்ணன்தான் சொன்னார், பாவம் நல்ல ஓட்டுக்காரன், ஒரு கொடியப் பாக்காம விட்டுட்டான் என்று. நானும் ஆமாங்கண்ணா என்றேன். பன்னிரண்டு வருடமாக என்னுடைய நாலு நொடியை அவன் தூக்கிக்கொண்டு நிற்கிறான். இறக்கி வைக்க ஒரு போன் போதும். அவன் நம்பர் என் போனில் இருக்கிறது, மூன்று போன் மாற்றியும் அந்த நம்பரை மட்டும் கவனமாக ஒவ்வொன்றிலும் ஏற்றினேன். கூப்பிட்டதில்லை. அதற்குப் பதிலாக நான் செய்ததெல்லாம் தரையைப் பார்த்தது. எந்தப் போட்டிக்கும் கொடிக்கு ஆள் இல்லையென்றால் மருதாசலத்தைக் கூப்பிடு, அவன் தலையைத் திருப்பவே மாட்டான் என்று என்னைத்தான் சொல்வார்கள். ஐந்து. ஐந்தாவது விரல். இந்துநேசன், தொம். அவள், தொம், ஒரு சின்ன மிடறோடு. அவளுக்குப் பின்னால் இரண்டு பையன்கள் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள், ஒருவன் சத்தம் இன்னொருவன் சத்தத்துக்குள் நுழைந்து வருகிறது. இன்னும் ஒரு சுற்று. ஒரு நிமிடம் நாற்பது நொடி. காற்று பலமாகிறது. காற்றில் பக்கவாட்டில் தள்ளினால் என்ன செய்வாள்? முழங்காலால் டேங்கை அழுத்துவாள், ஹேண்டில்பாரைக் கொஞ்சம் காற்றுக்கு எதிரே கொடுப்பாள். பார்வையை எங்கே வைக்க வேண்டும் என்று லிங்கு எனக்குச் சொன்னது, நான் அவளுக்குச் சொன்னது: இறங்கப்போகிற இடத்தில். எங்கே பார்க்கிறாயோ அங்கேதான் வண்டி போகும். நீ பார்க்காத இடத்தை இன்னொருவன் பார்த்துக்கொள்வான் என்று நான் சேர்த்துச் சொன்னேன். அது லிங்கு சொன்னதில்லை.

கடைசிச் சுற்று. இந்துநேசனின் நிழல் கழன்றது, ஓடியது, சேர்ந்தது. சேரும்போது தொம் வரவில்லை. அல்லது வந்தது, காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. காய்ந்த மண்ணாக இருந்ததால் தூசு ஒரு ஆள் உயரம் எழும்பியது, போகாமல் அங்கேயே சுழன்றது. அதற்குள் நீலம். ஒரு கை ஊன்றி எழுகிற நீலம். என் கை உயர்ந்துவிட்டது. நான் உயர்த்தினேன் என்று சொல்ல முடியாது, பன்னிரண்டு வருடமாக உயரக் காத்திருந்த கை அது. கொடி விரிந்து காற்றில் பட்டென்று அடித்தது, நான் வெறி பிடித்தவன்போல் ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே பார்த்தேன். தூசு விலகியது. மண். இரண்டு தடம். நசுங்கின பாட்டில். இந்துநேசன் அடுத்த வளைவில் திரும்பிக்கொண்டிருந்தான், அவன் சட்டை சிவப்பு. எட்டுப் பேரில் ஒருவரும் இன்று நீலம் போட்டு வரவில்லை. காலையிலேயே எண்ணிப் பார்த்திருந்தேன். கொடியை இறக்கவா? உயர்த்தின கொடியை இறக்கினால் வழி சுத்தம் என்று அர்த்தம். ஆனால் அவள் பார்த்திருப்பாள். பார்த்துவிட்டு முறுக்கைத் தளர்த்தியிருப்பாள். பின்னால் வருகிற இரண்டு பேர் தளர்த்துவார்களா? பத்து வயசு, பன்னிரண்டு வயசு, கடைசிச் சுற்று, முன்னால் ஒரு பெண்பிள்ளை. அவள் உருண்டு ஏறி அந்தப் பக்கம் மெதுவாக இறங்கும்போது, இவர்கள் குதித்தால், இறங்குகிற இடத்தில் இருப்பது அவள்தான். யாருமில்லாத தரையில் நான் ஒரு ஆளைக் கொண்டுவந்து கிடத்தப்போகிறேன், என் சொந்த ஆளை. குதித்துவிடு கண்ணு. இந்தக் கொடியை நம்பாதே. சத்தம் போட்டேனா? போட்டிருந்தாலும் அவளுக்குக் கேட்காது. எனக்குப் பின்னால் முதலில் வந்த அவள் இஞ்சின் அடங்கியது. முழுக்க அடங்கி, பொறுப்பாக, கீழ் கியரில் டுக் டுக் என்று ஏறியது. இரண்டு சக்கரமும் மண்ணில். என் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அவள் கடந்தாள். ஹெல்மெட்டுக்குள் கண் இறங்குகிற சரிவில் இருந்தது, விழுந்து கிடப்பவனைத் தேடிக்கொண்டு. அப்போது எனக்கு மேலே காற்று இருண்டது. நிழல் ஒன்று சரிவில் பாய்ந்து ஓடி அவள் முதுகின்மேல் ஏறியது, ஏறி, தோளில் வழிந்து, இடது பக்கம் விழுந்து நகர்ந்தது. தொம். அவளுக்கு இரண்டு முழம் தள்ளி. பின்னாலேயே இன்னொன்று, வலது பக்கம், தொம். இரண்டு பையன்களும் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவள் நிற்கவில்லை, விழவில்லை, ஒரு தடவை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். என்னையல்ல, கொடியை. பிறகு வெறும் தரையைப் பார்த்தாள். பிறகு முறுக்கினாள். அவளுக்குப் பின்னால் வந்த நாலு பேரும் கொடிக்கு அடங்கி உருண்டு போனார்கள். நான் டயர்மேல் உட்கார்ந்தேன்.

கனகசபை அண்ணன் அட்டையும் பேனாவுமாக மைதானத்தைக் குறுக்கே வெட்டி நடந்துவந்தார். அவருக்கு வலது கால் கொஞ்சம் இழுக்கும், அதனால் வந்துசேர நேரம் ஆனது, அந்த நேரம் முழுக்க எனக்கு ஒரு வாக்கியம் தயாராகிக்கொண்டிருந்தது. பையன் ஒருத்தன் விழுந்தான்ண்ணா, உடனே எந்திரிச்சுட்டான். யாரும் மறுக்க முடியாது. நாலாவது மேட்டில் கொடி பிடித்த ஆளுக்கு இங்கே தெரியாது, சனம் தூசைத்தான் பார்த்திருக்கும். மஞ்சள் கொடி காட்டப்பட்டது. அதே பேனா, அதே கையெழுத்து. மிருதுளா வண்டியைத் தள்ளிக்கொண்டு அவருக்கு முந்தியே என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தாள், நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. "மருது, என்னடா அது, எதுக்குக் கொடி?" என்றார் அண்ணன். என் வாயில் மண் இருந்தது. அவர் என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, எனக்கு மேலுக்குச் சரியில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு சாமி, நீதானே கொடிக்கு மொதல்ல வந்தவ. இங்க பாரு, ஆராச்சு விழுந்திருந்தா, கொடியில தாண்டுன அந்த ரெண்டு வாலுகளையும் நீக்கிப்போட்டு உன்னைய ரெண்டாவது ஆக்கிருவேன், கப்பு உண்டு. ஆரும் விழலீன்னா அது கொடியே இல்ல, வந்தது வந்தபடி, நீ நாலாவது. உங்கப்பன் சும்மா தூக்கற ஆளு இல்ல, எனக்குத் தெரியும். உன்ற வாயில கேட்டு எழுதிக்கணும், அவ்வளவுதான்." அவள் என்னைப் பார்த்தாள். கரெக்டான அப்பாவைப் பார்க்கிற கண் அது, இன்னும் மாறவில்லை, கேட்டுக்கொண்டிருந்தது. நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். கொடி இருந்துச்சா? இருந்துச்சு. நான் பாக்கலயா? திருப்பூரில் இந்நேரம் அவன் கத்தரியைக் கீழே வைத்திருப்பான், ஞாயிற்றுக்கிழமை பாதி நாள்தான் வேலை. நான் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுத்துத் தரையைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தரையைப் பார்க்கவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை.

"கொடி இருந்துச்சுங்க பெரியப்பா, நான் மெதுவாப் போனேன்," என்றாள் மிருதுளா. "கீழ யாரும் விழல."

கனகசபை அண்ணன் இருபத்துமூன்றுக்கு நேரே நான்கு என்று எழுதிக்கொண்டார்.